அங்கே ஒன்றுமே இல்லை

மார்ச் 6, புதன்

இன்று என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒரு வேலி, ஒரு குப்பைத்தொட்டி, இன்னொருத்தர் வண்டியின் பின்பக்கம் எல்லாவற்றையும் இடித்து நலம் விசாரித்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் இவள் என் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறோமாம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கடற்கரை இல்லை. வனத்துறை வேலி போட்டுக் காக்கிற காட்டுக் கடற்கரை. ஒரு நாளைக்கு நாற்பது பேரைத்தான் உள்ளே விடுவார்களாம். சீட்டு எடுத்தாயிற்றாம். வண்டியை வாசலில் விட்டுவிட்டு மணலில் நடக்க வேண்டுமாம்.

"அங்க போய் என்ன பண்ணப் போறே?"

"சும்மா இருக்கப் போறேன்."

சும்மா இருப்பதற்கு வீட்டில் நாற்காலி இல்லையா? கேட்டால், "வீட்ல நீங்க இருக்கீங்களே" என்கிறாள். குடிநீர் வாரியத்தில் புகார் சொல்ல வருகிற போனை எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு வந்தால் மிச்சத்தை நான் திட்டுகிறேனாம். வீட்டுக்காரன் வீட்டில் பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவான்?

மார்ச் 10, ஞாயிறு

எரிகிற எரிச்சலில் எழுதுகிறேன்.

வாசலில் வனக்காவலர் என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சிப்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாதாம். கடத்தல்காரனைப் பிடித்தவர் மாதிரி முகத்தில் ஒரு பெருமை. இவளோ எவர்சில்வர் டப்பாவும் தூக்குமாக ஜம்மென்று உள்ளே போகிறாள். "எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன். "சொன்னேன். நீங்க கத்திட்டிருந்தீங்க."

மணலில் ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கிறது. நாக்குத் தள்ள நடந்து போய்ச் சேர்ந்தால், கடல். அவ்வளவுதான். ஒரு கடை இல்லை. நிழல் இல்லை. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. அவசரத்துக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. கரை நெடுகக் காய்ந்த பாசி, அதன்மேல் ஈ. மணல்மேட்டுப் பக்கம் போகலாம் என்றால் கயிறு கட்டி, 'பறவை முட்டைகள் உள்ளன' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு முட்டையும் என் கண்ணில் படவில்லை.

இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். கிளம்பலாமா, கிளம்பலாமா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? தலையைக்கூடத் திருப்பவில்லை.

வெளியே வந்தோம். இவள் நேராகப் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் கேமராவும் கையுமாக நின்றார்கள். கழுத்தில் அட்டை. "சார், கருத்துக் கேக்குறோம். உள்ள எப்படி இருந்துச்சு?" காலையிலிருந்து என்னை ஒரு வார்த்தை கேட்ட முதல் ஆட்கள். கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"அங்க ஒண்ணுமே இல்லீங்க. அத்தனை இடமும் சும்மா கிடக்கு. யாராவது எடுத்து ஒரு ரோடு, நாலு கடை, ஒரு கக்கூஸ் கட்டினா புண்ணியமாப் போகும்."

அருமையாகப் பேசினேன் என்று ஒரு தொப்பி கொடுத்தார்கள். காருக்கு வந்தால் இவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். வீடு வரும்வரை அசையவில்லை.

மார்ச் 11, திங்கள்

காதுக்குள் இன்னும் மணல் வருகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 24, ஞாயிறு

மறுபடியும் போனோம். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

பொழுது போகாமல் அந்தக் கயிற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து ஒரு கூழாங்கல் முட்டையாகிவிட்டது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. சரி, முட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கக்கூஸ் இன்னும் இல்லை.

திரும்பி வரும்போது இவள் பேசிக்கொண்டே வந்தாள். அலுவலகத்தில் மேலதிகாரி நாற்காலியோடு விழுந்த கதை. சொல்ல முடியாமல் சிரிக்கிறாள். வீட்டில் எனக்குக் கிடைப்பதெல்லாம் போனில் பேசுகிற குரல்தான். "சரிங்க, பாக்கலாங்க." இன்று காரில் கேட்டது வேறு குரல். கல்யாணமான புதிதில் கேட்டது. அது எங்கே போயிருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்ததில், திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டேன். நானே.

ஏப்ரல் 17, புதன்

வண்டி பழக வருகிற தையல்காரப் பெண் செல்போனை நீட்டினாள். "மாஸ்டர், நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க." பார்த்தால் அந்தக் கடற்கரை. பாசி இல்லை, ஈ இல்லை. கணினியில் வரைந்த தார் ரோடு, கடைகள், மர பங்களாக்கள், நூறு கார் நிறுத்த இடம். அந்த இடத்தை ஏதோ ஒரு கம்பெனி கேட்கிறதாம். கீழே கொட்டை எழுத்தில் 'மக்களின் குரல்'. அப்புறம் என் மூஞ்சி. என் வாய். "அங்க ஒண்ணுமே இல்லீங்க."

ஒரு வார்த்தையை வெட்டியிருந்தால், ஒட்டியிருந்தால், கழுத்தைப் பிடித்திருப்பேன். ஒன்றையும் மாற்றவில்லை பாவிகள். அப்படியே போட்டிருக்கானுங்க. என் பொண்டாட்டி சிரிச்ச ஒரே இடம்யா அது. என் வாயை வச்சே அதுக்குக் கொள்ளி வைக்கிறானுங்க. கேட்பார் இல்லையா?

இவள் அலுவலகத்திலேயே பார்த்துவிட்டாள். யார் யாரோ சுற்றி உட்கார்ந்து காட்டியிருக்கிறார்கள். வந்து பையை வைத்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

சார்.

ஏப்ரல் 18, வியாழன்

கம்பெனிக்கே போனேன். கண்ணாடிக் கதவு, குளிர், மேசைமேல் நிஜமா பொய்யா என்று தெரியாத செடி. அன்றைக்குத் தொப்பி கொடுத்தவன் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்குகிறான். "சார், எடுத்ததுலயே நீங்கதான் பெஸ்ட். மத்தவங்கல்லாம் யோசிச்சுப் பேசுறாங்க."

அதை எடுத்துவிடு என்று கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தினால் எனக்கு ஒரு வழி தெரியும். சிரித்துக்கொண்டே காபி கொண்டுவரச் சொல்கிறான். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வர வேண்டுமாம். கடலைப் பார்த்த அறையாகத் தருவானாம். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். வெட்கக்கேடு.

ஏப்ரல் 26, வெள்ளி

கடற்கரையைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று அரசாங்கம் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டம். இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் அவளோடு வந்தவன் என்று யாரும் சொல்ல முடியாத தூரத்தில் உட்கார்ந்தேன். அவள் விருப்பம் அது.

பெரிய திரையில் என்னைப் போட்டார்கள். கக்கூஸ் என்றதும் சபையே சிரித்தது. நான் எழுந்து, "அந்த ஆள் நான்தான். அது தப்பு, வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"நீங்கதானே ஒண்ணுமே இல்லைன்னீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

முட்டை என்றேன். சிரித்தார்கள். என்ன பறவை என்று கேட்டார். தெரியவில்லை. பிறகு, "என் வீட்டம்மா அங்க போனா நல்லாத் தூங்குறாங்க" என்றேன். இன்னும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் கத்தாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்குச் சிரிப்பா? அத்தனை பேரையும் காரில் உட்கார வைத்துப் பள்ளத்தில் இறக்கலாம் போலிருந்தது.

ஆனாலும், சொன்னவரே மறுப்பதால் கம்பெனி காட்டிய கருத்துகள் எதுவும் செல்லாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கம்பெனி புதிதாகக் கருத்துக் கேட்டுக் கொண்டுவர வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மட்டும். இரண்டு மாதம் கெடு.

இவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

மே 5, ஞாயிறு

இவள் ஒரு சீட்டுதான் எடுத்திருந்தாள். அவள் பின் சீட்டில் ஏறிக்கொள்ள, நான் ஓட்டிக்கொண்டு மட்டும் போனேன். காவலர் அவளை உள்ளே விட்டார், நான் வெயிலில் காரில் கிடந்தேன்.

கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். மதியம் ஒரு குடும்பம் வெளியே வந்தது. அப்பாக்காரர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிவந்துபோய், உதடு வறண்டு, யாரையாவது கடித்துக் குதறத் தயாராக வருகிறார். கேமரா அவர் பக்கம் திரும்பியது. நான் காரிலிருந்து குதித்து ஓடிக் குறுக்கே நின்றேன்.

"சார், கடுப்பா இருக்குல்ல? எங்கிட்டத் திட்டுங்க. எவ்வளவு வேணா திட்டுங்க. அவங்ககிட்ட மட்டும் வேணாம்."

திட்டினார். அம்மாடி, என்னையே மிஞ்சிவிட்டார். நிழல் இல்லையாம், ஈயாம், பெஞ்சு இல்லையாம். வனத்துறை, அரசாங்கம், கூட்டி வந்த மச்சான், யாரையும் விடவில்லை. என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, ம், ம் என்றேன். கடைசியில் ஆள் இளகிப்போய், "பரவால்ல, காத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எப்போது வந்தாளோ. நேராகப் போய்க் காரில் ஏறினாள். முன் சீட்டில். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இப்படி ம் ம்னு அவசரமாச் சொல்லக் கூடாது. துரத்துறோம்னு நெனச்சுப்பாங்க. அவங்க மூச்சு வாங்கற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் ஒரு ம்."

"எங்க, சொல்லிக் காட்டு" என்றேன்.

சொல்லிக் காட்டினாள். வீடு வரும்வரை எனக்கு அந்த ம் வரவேயில்லை. அவளும் விடவில்லை.