எண்பத்தேழு பந்துகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் இப்போது என் பேச்சுக்கு அடங்குகிறார்கள்.

சனிக்கிழமை பில்லியர்ட்ஸ் கூடத்தில் தொடர்ந்து எண்பத்தேழு பந்துகளைக் குழியில் போட்டேன், அப்பா! ஒவ்வொரு முறையும் பதினைந்தில் கடைசிப் பந்தை மேசையில் விட்டுவைத்து, அதைப் போடும் அடியிலேயே புதிதாக அடுக்கிய பதினான்கையும் சிதறடித்தேன்.

நடுவில் ரேமண்ட் வந்து, "லோரி, ஒரு விஷயம் பேசணும்" என்றான்.

கூடத்துக்காரர் கஸ் அதட்டினார். "ஆடுறவகிட்ட பேசக் கூடாதுன்னு தெரியாதா? அவ தவறவிட்டப்புறம் பேசு."

ரேமண்ட் கொஞ்ச நாளாகவே எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவன். என்ன சொல்ல வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. அதனால்தான் நான் தவறவிடவே இல்லை. ஆனால் அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. குழிக்கு நேராக நின்ற பந்தை வேண்டுமென்றே விலக்கி அடித்தேன்.

"அடிப்பாவி, இதைக் குழந்தைகூடப் போடுமே!" என்றார் கஸ்.

கவலைப்படாதீர்கள். குளிர் அதிகம், என் பழைய போர்வையை அனுப்புங்கள். கல்யாணக் கவுனுக்கு வாங்கிய துணியை அம்மா இன்னும் வெட்டவில்லை என்றால், வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பள்ளி மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
லோரெட்டா