மூன்று தவணை

8.2.1999

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. குட்டி பிறந்து ஏழு வாரம் ஆகிறது, பெரியம்மா இன்னும் எட்டிப் பார்த்தபாடில்லை. ஊர்ப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்க நேரம் இருக்கிறது, என் பிள்ளை முகத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை, அப்படித்தானே?

பெரியவள் வாயாடியின் காலுக்குப் புது பூட்ஸ் வந்துவிட்டது. இரும்புப் பட்டை முழங்காலில் உரசுகிறது. அப்படியும் வாய் ஓயவில்லை. "தம்பிக்கும் இந்த மாதிரி பூட்ஸ் வாங்கணுமாம்மா?" என்று நேற்று கேட்கிறாள்.

குட்டிக்குப் போலியோ சொட்டு மருந்து போட ஒரு நர்ஸ் வந்தாள். "எங்க அக்காவும் இந்த வேலைதான் பாக்குறாங்க. பெரியவளுக்கு மூணு தவணையும் அவங்க கையாலதான் போட்டாங்க. அப்பவும் கால் போச்சே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அதைக் கேட்டுப் பக்கத்து நாலு வீட்டிலும் மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் தங்கை


19.2.1999

என் செல்லத் தங்கைக்கு,

குட்டிக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் போட்டுவிடு, மளமளவென்று வளர்ந்துவிடுவான்.

கதவைச் சாத்தாதே அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் பகுதியில் வருஷத்துக்கு முப்பது பிள்ளைகளுக்காவது கால் போகும். போன வருஷம் ஒன்றுகூட இல்லை. அப்போது மருந்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வழியே கிடையாது, ஐஸை நம்பினோம். இப்போது ஒவ்வொரு சீசாவிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் மருந்து கெடும், கட்டமும் கறுத்துவிடும், நாங்கள் தூக்கிப் போட்டுவிடுவோம். சிலருக்கு மருந்து பிடிக்காமல் போவதும் உண்டு. அதற்காகக் குட்டிக்குப் போடாமல் விடாதே.

உன் அக்கா


2.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை கச்சிதம். ஆனால் 'சிலருக்கு' என்று எழுதியிருக்கிறாயே, என் பிள்ளை சிலர் இல்லை. அவளுக்கு ஏன் மருந்து பலிக்கவில்லை என்று ஒரே ஒரு காரணம் சொல், அன்றைக்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். சொல்லாதவரை மாட்டேன்.

காய்ச்சல் என்று தெரியாமல் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் கால் துவண்டுவிட்டது. "அன்னிக்கு நீ குளிப்பாட்டாம இருந்திருக்கலாம்" என்று மாமியார் எட்டு வருஷமாகச் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்றைக்கும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வெந்நீர் விளாவுகிறேன்.

உன் தங்கை


11.3.1999

தங்கைக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீ குளிப்பாட்டியதால் எதுவும் ஆகவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வாயாடி பிறந்தபோது, பச்சை உடம்போடு நீ முகாம் வரிசையில் வெயிலில் நிற்கக் கூடாது என்று நானாகத்தான் சொன்னேன், "நீ வராதே, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கே கொண்டு வரேன்" என்று. சாயங்காலம் மீந்த மருந்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது சட்டம். நான் கொட்டவில்லை. இரண்டு பஸ் மாறி உன் வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீர். தொட்டுப் பார்த்தேன், அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பு. மூன்று தவணையும் அப்படித்தான். சந்தேகம் வந்தது. அதைச் சொன்னால் உன்னை அலைய வைக்க வேண்டுமே என்று பேசாமல் போட்டுவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல மருந்து, என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கெட்டது.

அதனால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை. நீ கேட்ட காரணம் இதுதான். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, குட்டியை மட்டும் கொண்டு போய்விடு.

பாவி அக்கா


27.3.1999

அக்காவுக்கு,

புதன்கிழமை குட்டிக்கு முதல் தவணை போட்டாயிற்று. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. சீசாவைக் கையில் வாங்கிக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் போட விட்டேன். பிறகு அந்த நாலு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். உன்னை விட்டுவிட்டுச் சொல்ல வழியில்லை. மூன்று பேர் பிள்ளைகளைக் கொண்டு போனார்கள். ஒருத்தி உன்னைச் சபித்தாள். நான் தடுக்கவில்லை.

ஐஸ் கரைந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என் மேல் உள்ள பாசத்தில் செய்தாய், புரிகிறது. ஆனால் நான்தான் குளிப்பாட்டிக் கெடுத்தேன் என்று எத்தனை தடவை உன் மடியில் விழுந்து அழுதிருப்பேன்? "விடு, அழாதே" என்று தலையைக் கோதினாயே, 'நீ இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னாயா? எட்டு வருஷம் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாயாடி தினமும், "பெரியம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறாள். தெருவில் யாராவது சொல்வதற்குள் நடந்ததை அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

குட்டிக்கு அடுத்த தவணை போட்டதும் ஒரு கார்டு போடுகிறேன். நீ வராதே.

வாயாடியின் அம்மா