மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்கு

ஜூன் 16, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல். கடைக்குத் தார்ப்பாய் வாங்கணும், மறக்கக் கூடாது.

ஐந்தருவிப் பழக்கடைக்கு இந்த சீசனில் என் சொந்த க்யூஆர் அட்டை. போன வருஷம் கொழுந்தன் ஷாகுலின் அட்டையைத் தொங்கவிட்டுப் பட்டது போதும். என் கடைப் பணத்துக்கு அவன் வாசலில் போய் நின்றேன். வெட்கக்கேடு.

சேமிப்புக் கணக்கில் கடைப் பணம் வாங்கக் கூடாதாம். கரண்ட் அக்கவுண்ட்தான் வேணுமாம். தென்காசியில் இரண்டு வங்கி ஏறி இறங்கினேன்.
முதல் வங்கி: பத்தாயிரம் எப்போதும் இருக்கணும். குறைந்தால் பிடித்தம்.
இரண்டாவது வங்கி: ஐயாயிரம். பிடித்தம் அங்கேயும்.
சீசன் மூன்று மாசம். மீதி ஒன்பது மாசம் எதைப் போட்டு வைக்க? கால் வலி.

ஜூன் 17, செவ்வாய்
மேலகரத்தில் சின்ன வங்கி ஒன்று. மினிமம் இல்லை, கட்டணமும் இல்லை! நம்பாமல் மூன்று தடவை கேட்டேன். ஒரே நிபந்தனை: நாளை ஆள் வந்து கடையைப் படம் எடுப்பார்.

வீட்டில் ஷாகுலிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு.
"எதுக்கு மைனி அலையுதிய? என் கணக்கு இருக்குல்லா. ஒத்த பைசா பிடிக்க மாட்டாவ."
ஆமாம், வங்கி பிடிக்காது.

ஜூன் 18, புதன்
அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. போலீஸ் எல்லாக் கடையையும் மூட வைத்துவிட்டது. வங்கி ஆள் வந்தபோது வெறும் மூங்கிலும் தார்ப்பாயும்தான்.
"கடை எங்கம்மா?"
"இதான் சார்."
"மூடிக் கெடந்தா மேல ஒத்துக்க மாட்டாவ. நாளைக்கு ஒருக்கா வாரேன். அதோட சரி."
சோறு இறங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்
தடை நீங்கவில்லை. போலீஸ்காரரிடம் கெஞ்சி, அரை மணி நேரம் மட்டும் கடை திறக்க அனுமதி வாங்கினேன்.
"ஈ காக்கை இல்ல. யாருக்கும்மா விக்கப் போற?"
"பேங்குக்கு சார்."
சிரித்துவிட்டார். கொட்டுகிற மழையில் ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் பரப்பினேன்.

வங்கி ஆள் வந்தார். பின்னாலேயே, கூப்பிடாமல், ஷாகுல். என்னை முந்திக்கொண்டு தராசுக்குப் பின்னால் போய் நின்றான்.
"நம்ம கடைதான் சார். மைனி சும்மா கூடமாட ஒத்தாசைக்கு."
ஒத்தாசையா!
"தம்பி, தள்ளி நில்லுங்க. கடை என்னுது. படத்துல நான் மட்டும் போதும்."
ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். ஷாகுல் முகம் செத்துப்போய்த் தள்ளி நின்றான். படம் எடுத்தாச்சு.

ஜூன் 20, வெள்ளி
கணக்கு வந்தாச்சு. தடையும் நீங்கியாச்சு.

சவூதியிலிருந்து என் வீட்டுக்காரர் போன். "அவன நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்திட்டியாம்லா. மன்னிப்புக் கேளு."
"கேக்க மாட்டேன்."
பதினாலு வருஷத்தில் முதல் தடவை, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். மறுபடி அடிக்கிறது. எடுக்கவில்லை. ஆள் வர ஆரம்பித்துவிட்டது, கடை திறக்கணும்.