கத்துக்குட்டி டேப்லெட்

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முட்டை ஒன்றுதான் இருந்தது, நான் சாப்பிட்டுவிட்டேன்.

கடையில் படம் வரையும் டேப்லெட் வாங்கியபோது, திரை வைத்த பெரியதை நீ எடுத்துக்கொண்டு, "கத்துக்குட்டிக்கு இது போதும்மா" என்று திரையில்லாத சின்னதை என் கையில் திணித்தாயே! பெரியதில் நீ சினிமா பார்த்தாய். சின்னதில் நான் வரைந்ததெல்லாம் உன் பெயரில் புத்தகமாக வந்தது. இன்று பெரியதோடு நான் கிளம்புகிறேன். சின்னது உன் மேஜையில் இருக்கிறது.

பதினோரு மணிக்குப் பதிப்பாளர் வருகிறார். புதுப் புத்தகத்தில் வரும் கரடியின் முகத்தைத் தன் எதிரிலேயே நீ மாற்றி வரைய வேண்டுமாம். "அண்ணனுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டேன்.

பி.கு.: சின்னதில் வரையும்போது கையைப் பார்க்கக் கூடாது, கோடு விழும் கணினித் திரையைத்தான் பார்க்க வேண்டும். பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. உனக்குப் பதினோரு மணி வரை இருக்கிறது.