மேற்குக் காற்று ஓய்ஞ்ச பிறகு

ஓல்போர்க்,
மாசி 9

அன்பின் மேரிசெலின் அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். ரொறன்ரோக் குளிரிலை உங்கடை முழங்கால் எப்படி? உங்களோடை வந்து இரு எண்டு நீங்கள் அனுப்பின பிளேன் ரிக்கெற் கிடைச்சது. போனிலை சொல்ல மனம் வரேல்லை; பதில் எழுத மூண்டு கிழமை எடுத்ததுக்கு மன்னியுங்கோ.

இவர் கர்த்தரிட்டைப் போய் இரண்டு வருஷம், தங்கச்சி தனியக் கிடந்து வாடுறாள் எண்டுதானே அனுப்பினீங்கள். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தன். பிறகு, என்னோடை வயோதிபர் இல்லத்திலை வேலை செய்யிற கிர்ஸ்தன் என்னைக் குளிர்காலக் குளிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஏசாதேங்கோ. ஐஸ் தண்ணிக்குள்ளை ஒரு நிமிஷம், பிறகு சோனா எண்ட சூட்டறை, பிறகு கோப்பி. இவருக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரிச்ச முதல் இடம் அது.

இஞ்சத்தைக் கடலேரி ஒரு மாதிரியானது. மேற்குக் காற்று நாலு நாள் விடாமல் அடிச்சால், வடகடல் தண்ணியை உள்ளுக்குத் தள்ளும். அது எங்கடை ரவுணுக்குள்ளாலை கிழக்கை ஆறு மாதிரி ஓடும். காற்று விழுந்தாலும் ஓட்டம் உடனை நிக்காது. மேலாலை பார்த்தால் தெரியவும் மாட்டாது. நான் இறங்க முந்தி ஒரு குச்சியைப் போட்டுப் பார்ப்பன். எங்களோடை குளிக்கிற மற்றவை பகிடி பண்ணுவினம்.

போன சனிக்கிழமை காலமை, புயல் ஓய்ஞ்சு தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. போட்ட குச்சி நான் நடக்கிற வேகத்திலை போச்சுது. இண்டைக்கு வேண்டாம் எண்டு சொன்னன். காற்றுத்தான் நிண்டிட்டுதே எண்டு சொல்லிக்கொண்டு கிர்ஸ்தன் தண்ணிக்குள்ளை இறங்கிற ஏணியை விட்டிட்டு நீந்தினா. பிறகு திரும்ப ஏலேல்லை. நீந்த நீந்த ஏணி தூரப் போச்சுது.

எங்களோடை வந்த மற்ற இரண்டு பேரும் அவ இறங்கின இடத்துக்கு ஓடிச்சினம். நான் ஓட்டம் போற பக்கமாய்க் கிழக்கை, அடுத்த ஏணிக்கு ஓடினன். ஐம்பத்தெட்டு வயதிலை, வெறுங்காலோடை! எதிர்த்து நீந்தாதை, கரைப் பக்கமாய்ச் சரிஞ்சு வா எண்டு கத்திக்கொண்டே ஓடினன். இடுப்பளவுக்கு இறங்கி, ஒரு கையாலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையை நீட்டினன். முதல் தரம் விரல் வழுக்கிச்சுது. யேசுவே எண்டு எட்டி, அவவின்ரை குளிப்புச் சட்டையின்ரை பட்டியைப் பிடிச்சிட்டன். பிறகு மற்றவை வந்து எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச்சினம்.

அவவை ஆஸ்பத்திரியிலை ஒரு நாள் வைச்சிருந்து விட்டிட்டினம். ஞாயிறு பின்னேரம் அவவின்ரை வீட்டுக்குச் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனன். அவ சாப்பிடாமல் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, நீ உண்மையிலை கனடாவுக்குப் போயிடுவியோ எண்டு கேட்டா. அக்காவுக்கு முதல் சொல்லவேணும் எண்டன்.

அக்கா, நான் வரேல்லை. கோவிக்காதேங்கோ.

அத்தானும் இல்லாத அந்தப் பதினோராம் மாடியிலை இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறீங்கள். சாப்பிட்டியோ, படுத்தியோ எண்டு என்னைத்தான் கேக்கிறீங்கள். நான் உங்களைக் கேட்டால், சரி வைக்கிறன் எண்டுறீங்கள். இஞ்சை என்ரை வீட்டு மேலறையைக் கூட்டித் துடைச்சுக் கட்டில் போட்டிருக்கிறன். நல்ல வெயில் வரும். வைகாசிக்குள்ளை வாங்கோ, அக்கா. வந்து எவ்வளவு நாள் எண்டு நான் கேக்க மாட்டன்.

கர்த்தர் உங்களைத் தாங்கிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கச்சி
கிருபாமலர்