கண்ணாடிக்குள் ஐயா படம்

அன்பு மகன் ஆதித்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், குரலைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடு. பக்கத்து வீட்டு ஈஸ்வரன் லீவு முடிந்து அங்கு திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் கேட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். உறை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கலைந்திருந்தால் எனக்குச் சொல்.

போன செவ்வாய் பள்ளத்தூருக்குத் துக்கம் கேட்கப் போனோம். திரும்ப பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தில் மியூசியம் வைத்திருக்கிறார்களாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் அப்பா. கோயிலுக்குக்கூட என்னைக் கூப்பிடாத மனுஷர், அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வாசலில் சித்ரா என்று ஒரு டீச்சர் பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னாள். எதற்கு நம்பர் என்று கடைசி எண்ணை மாற்றித்தான் எழுதினேன். உள்ளே எல்லாம் நம் வீட்டுப் பரணில் கிடக்கிற சாமான்தான், தூசி மட்டும் இல்லை. மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில், அப்பாவைப் பெற்ற உன் ஐயா, மலேயாவில் எடுத்த பட்டாளத்து உடுப்புப் படத்தில் நிற்கிறார்.

ரெண்டு வருஷம் முன்பு நீ பொங்கலுக்கு வந்திருந்த வாரம் நம் தகரப்பெட்டியிலிருந்து காணாமல் போன அதே படம். அந்த வாரம் வீடு ஒதுங்கவைக்க ஒத்தாசைக்கு வந்தவள் உன் சித்தி சந்திரலேகா ஒருத்திதான். மாமனார் படம் தன் வீட்டில் இருக்கட்டும் என்று எடுத்துப்போய்விட்டாள் என்றே நினைத்து அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவள் மகள் கல்யாணத்தில்கூடக் கை நனைக்காமல் வந்தேன். அது உனக்குத் தெரியும்.

இது எங்கள் வீட்டுப் படம், யார் கொடுத்தது என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவள் நோட்டைப் புரட்டி, "உங்க மகன்தாம்மா, கரையான் அரிக்குதுன்னு கொண்டாந்து குடுத்தாக" என்று உன் கையெழுத்தைக் காட்டினாள். பத்திரமான இடத்தில் கொடுத்துவைக்கலாம் என்று நீ கேட்டு, நான் தரமாட்டேன் என்று சொன்ன பிறகும் எடுத்திருக்கிறாய். அப்பா ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சந்திரலேகா வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள், "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. தம்பி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்துச்சு. பெத்த பிள்ளையே உங்கள ஏமாத்திருச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்ல? என்னையச் சந்தேகப்பட்டுட்டுப் போறீக, போங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

படம் அங்கேயே இருக்கட்டும், நன்றாகத்தான் துடைத்து வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே உன் பெயர் வேண்டாம், ஐயா பெயரைப் பெரிதாக எழுதுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம், ஆனாலும் நோய் நொடி இல்லாமல் நல்லா இரு, காளி உன்னைக் காப்பாள். இதைப் படித்ததும் முதல் போன் சித்திக்குப் போட வேண்டும். என்ன பேசினாய் என்று அவளிடம் கேட்டுக்கொள்வேன், உன்னிடம் கேட்கமாட்டேன்.

உன் அம்மா,
வீ. ஈஸ்வரி