இடுப்பு மாற்றிய கடன்

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் மனதார எழுதுகிறேன். உன் விலாசத்தை உன் நாத்தனாரிடமிருந்து கறந்தேன். அவளைத் திட்டாதே. விடாமல் போய் வாசலில் உட்கார்ந்தால் யார்தான் தர மாட்டார்கள்.

சலவைக் கூடத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. துணி உலர்த்தும் பெரிய மிஷின் மறுபடியும் பழுது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு மலையாகக் குவிந்து கிடக்கின்றன. உன் இடத்தில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண்தான், ஆனால் விரிப்பை மடிக்கும்போது மறுமுனையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறாள். என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. நீயும் நானும் மடித்தபோது பார்க்காமலே கைகள் வந்து சேரும். உன் வாய் மட்டும் ஓயாது. இப்போது அந்தப் பக்கமிருந்து மிஷின் சத்தம்தான் கேட்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியோடு என் கிரெடிட் கார்டில் வட்டியில்லாக் காலம் முடிகிறது. அதற்கப்புறம் வட்டி முழுசாக ஏறும். என் சம்பளம் அந்த வட்டிக்கே போய்விடும். உனக்கு இது தெரியாததல்ல.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது ஆபரேஷன் பணத்தை உன் கார்டில் தேய்த்தாய். நாம் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான், ஒரு காசு குறைக்கவில்லை. வட்டி உன்னை விழுங்கப் பார்த்தது. அப்போதுதான் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கேன்டீன் வாசலில் கார்டு விற்பாரே, அந்த டைக்காரர், பாக்கியை வேறு வங்கியின் கார்டுக்கு மாற்றிவிட்டால் ஆறு மாதம் வட்டியே கிடையாது, மாற்றுவதற்கு ஒரு சின்னக் கட்டணம் மட்டும்தான் என்றார். கார்டு யார் பேரில் இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். நான் என் பேரில் ஒன்று வாங்கி உன் பாக்கியை அதற்கு மாற்றிக்கொண்டேன். கெடு முடிந்ததும் நீ புதிதாக ஒன்று வாங்கி உன் பக்கம் எடுத்துக்கொண்டாய். பிறகு நான், மறுபடி நீ. தூரம் நடக்கும்போது கைக்குழந்தையை ஆளுக்குக் கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்துக்கொள்வோமே, அப்படி வைத்துக்கொண்டோம். வலி தெரியாததால் குழந்தை வளர்வதை இருவருமே கவனிக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை நம் முட்டாள்தனம். பாக்கி இடம் மாறியதும் பழைய கார்டு துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். அதைப் பார்த்ததும் கடனே தீர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றியது. நீ அதில் வாஷிங் மிஷின் வாங்கினாய். நாள் முழுக்க ஊர்த் துணியைத் துவைத்துவிட்டு வீட்டிலும் கையால் துவைக்க ஆகாது என்றாய். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை என் பழைய கார்டில் கட்டினேன். டைக்காரர் அவற்றையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார். இதில் எது உன் கடன், எது என் கடன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் தடவை உன் முறை என்பது மட்டும் தெரியும்.

பேப்பர் கொடுத்தாயிற்று, இந்த வாரம் கார்டு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒரு திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவில்லை. வீட்டில் பூட்டு தொங்கியது, போன் அணைந்து கிடந்தது. அன்றைக்கு மடிப்பு மேசை முன்னால் நின்று உன்னை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது.

போன வாரம் டைக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு எந்த பேங்க்லயும் தர மாட்டேன்னுட்டாங்க. நடுவுல ஒரு தவணையை லேட்டாக் கட்டியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு அழுதாங்க."

எந்தத் தவணை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் சம்பளமில்லாமல் காய்ச்சலில் கிடந்த மாதம் தவணைக்கு வைத்திருந்த பணத்தில் என் வீட்டு வாடகையைக் கொடுத்தது நீதானே. அடி பைத்தியமே, சொல்லியிருந்தால் நான் உன்னைக் கடித்தா தின்றிருப்பேன்? இத்தனை பேசுகிறவள் இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாயே.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். முதல் சம்பளம் அவள் கணக்கில் விழுந்ததும் டைக்காரருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, மறுநாளே வீட்டு வாசலில் நின்றார். அவள் பேரில் கார்டு உடனே கிடைக்குமாம், பாக்கி முழுவதையும் அதற்கு மாற்றிவிடலாமாம். முடியாது என்றேன். அவள் குறுக்கே வந்து, "என் காலேஜ் பீஸும் இதுலதானேம்மா இருக்கு. நான் வச்சுக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் நான் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

வங்கிக்கே நேரில் போய், இனி மாற்ற இடமில்லை, எங்களால் முடிந்தது இவ்வளவுதான் என்று உள்ளதைச் சொன்னால், கார்டை முடக்கிவிட்டு வட்டியைக் குறைத்து, வருடக்கணக்கில் தவணை போட்டுக் கொடுப்பார்கள் என்று கேன்டீன் கேஷியர் சொல்கிறார். ஏசுவார்கள். உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஏசட்டும். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். பணத்தோடு வா என்று நான் கேட்கவில்லை. வெறுங்கையோடு வா. நீ பேசு, நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை டைக்காரர் படிவத்தோடு வருகிறார். இப்போது என் மகள் எதிரில் உட்கார்ந்து, பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் போட்டது குழந்தைத்தனமாக இருக்கிறதாம், பேங்க்குக்கு நல்லதாக ஒன்று வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, "இது நல்லா இருக்காம்மா?" என்று கேட்கிறாள். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் கைத்தடி இல்லாமல் நடக்கட்டும். உன் பிள்ளைகள் யாருக்கும் கடன்படாமல் நீண்ட ஆயுசோடு வாழட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் மடிப்பு மேசை அக்கா